சாரல் ஊர்ல ஹை-எண்ட் கேமிங் பிசி கட்டப் போறீங்களா, சுவத்து ப்ளக்ல இருந்து ஆரம்பிங்க

புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறுனா ஆரியங்காவு. அந்தக் கணவாய் வழியா வர்ற காத்துதான் ஆனி ஆடி ஆவணி மூணு மாசமும் செங்கோட்டை தென்காசி பக்கம் சாரலா விழுது, துணி காய மூணு நாளாவும், அப்பளம் நமத்துப் போவும், பீரோல மாட்டுன லெதர் பெல்ட்ல வெள்ளையா பூஞ்ச புடிச்சு நிக்கும். இந்த ஊர்ல உக்காந்துகிட்டு மூணு லட்சம் நாலு லட்சம் சேத்து வச்சு கேமிங் பிசி கட்ட நெனைக்கிற பசங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நெட்ல பாக்குற கைடு எல்லாம் ஏசி ரூம்ல, ஸ்டெடியா கரண்ட் வர்ற ஊர்ல இருந்து சொல்றது, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நம்ம வீட்டு கரண்டும் காத்தும் வேற. இங்க இருந்தும் அந்தப்பக்கம் தென்மலை புனலூர்ல இருந்தும் தெரிஞ்ச பசங்க வருவாங்க, பார்ட் லிஸ்ட் போட்டுக் குடுக்குறது, கட்டிக் குடுக்குறது, செத்துப்போனத பிரிச்சுப் பாக்குறதுன்னு பல வருஷமா இதுலயே கெடக்கேன், அதுல கத்துக்கிட்டத சொல்றேன்.

எல்லாரும் மொதல்ல கேக்குறது "அண்ணே, 5090 போடலாமா, 5080 போதுமா". ரெண்டும் என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு மாடல் நம்பர். நான் திருப்பிக் கேக்குறது "தம்பி, பிசி வைக்கப் போற ரூம்ல எர்த் இருக்கா". நிறைய பேரு மூணு ஓட்ட ப்ளக் இருந்தா எர்த் இருக்குன்னு நெனச்சுக்கிடுறாங்க. மேல இருக்குற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே வராத வீடு நம்ம பக்கம் ஏகப்பட்டது இருக்கு.

பண்பொழி பக்கம் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன், கிராபிக்ஸ் கார்டுல எச்டிஎம்ஐ போர்ட் ஒண்ணு செத்துப் போச்சுன்னு கூப்பிட்டிருந்தான். ஆடி மாசம், மொசைக் தரை ஈரமா நசநசன்னு இருக்கு, வெறுங்கால்ல நின்னுக்கிட்டு கேபினட் பின்பக்கம் ஸ்க்ரூவ தொட்டேன், விரல் நுனில கட்டெறும்பு கடிச்ச மாதிரி சுரீர்னு இழுத்துச்சு. அவங்க அம்மா அடுப்படில இருந்து எட்டிப் பாத்து "அது எப்பவும் அப்படித்தான்யா, செருப்பு போட்டுக்கிட்டு தொடு" அப்படின்னாங்க. அந்த வீட்ல எல்லாருக்கும் அது பழகிப் போயிருக்கு.

ஏன் அப்படி ஆவுதுன்னா, எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு கரண்ட மாத்திக் குடுக்குற பெட்டி, அதுக்குள்ள கரண்ட் நுழையுற எடத்துல ஃபில்டர் ஒண்ணு இருக்கும், அதுல பேஸ்ல இருந்து பாடிக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரல்ல இருந்து பாடிக்கு இன்னொண்ணு. அதுல கசியுற துளி கரண்ட எர்த் ஒயர் மண்ணுக்குள்ள எறக்கி விட்டுரும். எர்த் இல்லேன்னா கேபினட் ரெண்டுக்கும் நடுவுல மெதக்கும், நம்ம 230 வோல்ட்டுல பாதி, அதாவது 115 வோல்ட் கிட்ட பாடில நிக்கும். கரண்ட் ரொம்பக் கம்மிங்கறதால சுரீர்னு மட்டும் இருக்கும், ஆனா டிவி கேபிளோ செட்டாப் பாக்ஸோ கோத்த டிவிக்கு எச்டிஎம்ஐய நீங்க சொருவுற நேரம் அந்த வோல்ட் முழுக்க போர்ட் வழியாத்தான் எறங்கும். அந்தத் தம்பி வீட்ல நடந்தது அதுதான்.

அதனால பிசிக்கு ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியன் அண்ணாச்சி ஒருத்தர கூப்பிட்டு டெஸ்ட் லாம்ப் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, பேஸ்க்கும் நியூட்ரலுக்கும் வச்சா எவ்வளவு பளிச்சுன்னு எரியுதோ அதே அளவு பேஸ்க்கும் எர்த்துக்கும் எரியணும், மங்கலா எரிஞ்சாலோ எரியாமப் போனாலோ எர்த் சரியில்ல. வீட்ல ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா லைன தானா வெட்டுற சுவிட்ச், இருந்தா எர்த்துல வச்ச உடனே ட்ரிப் ஆகும், அதுவும் நல்ல அடையாளம்தான். நீங்களே ஒயர நோண்டாதீங்க. எர்த் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு பைப் எறக்குறதுக்கு ஆவுற செலவு ஒரு நல்ல கேபினட் வெலைக்குள்ள முடிஞ்சிரும், அதுக்கப்புறம் பங்குனி சித்திரைல மண்ணு காஞ்சு கெடக்கும்போது வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்தி விடுங்க, ஈரம் இருந்தாத்தான் அது வேலை செய்யும்.

அப்புறம் ப்ளக் பாயிண்ட். நம்ம வீட்டு சுவத்துல சாதாரணமா இருக்குறது 5 ஆம்ப்ஸ் பாயிண்ட். 5090 போட்ட மெஷின் முழு லோடுல கார்டு மட்டும் 575 வாட், ப்ராசஸர் ஒரு 120-150, மிச்சம் ஃபேன் எஸ்எஸ்டி போர்டு எல்லாம் சேத்து 800 தாண்டும், எஸ்எம்பிஎஸ் தின்னுறதையும் கூட்டுனா சுவத்துல இருந்து 900 வாட்டுக்கு மேல இழுக்கும், 230 வோல்ட்டுல அது 4 ஆம்ப்ஸ். சாயங்காலம் எல்லார் வீட்லயும் மோட்டார் ஓடி வோல்டேஜ் 180க்கு எறங்குனா அதே வாட்டுக்கு 5 ஆம்ப்ஸ் தாண்டி இழுக்கும். மானிட்டரும் ஸ்பீக்கரும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்தா என்ன ஆவும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க. 15 ஆம்ப்ஸ் பவர் பாயிண்ட் ஒண்ணு தனி லைன்ல, ஏசியோட சேராம எடுத்துருங்க.

இடி பத்தியும் இங்கயே சொல்லிர்றேன். ஐப்பசில, மலைக்கு அந்தப்பக்கம் துலாவர்ஷம்னு சொல்லுவாங்க, மத்தியானம் தாண்டி மேகம் கருத்துக்கிட்டு வந்து மலையில இடி உருட்டும். ஸ்பைக் கார்டு நல்லதுதான், ஆனா அதுக்குள்ள இருக்குற எம்ஓவிங்கற சின்ன பார்ட் அதிகப்படி வோல்ட்ட எறக்கி விட எர்த் வேணும், பக்கத்துல விழுற இடிய எந்த ஸ்பைக் கார்டும் தடுக்காது. ப்ளக்க புடுங்கி வைக்கிறது மட்டுந்தான் வழி. லேன் கேபிளையும் சேத்து புடுங்குங்க, இத நிறைய பேரு விட்டுர்றாங்க. ஃபைபர் கண்ணாடி இழைதான், அதுல கரண்ட் வராது, ஆனா அந்த மோடத்துக்கு அடாப்டர் வழியா கரண்ட் போவுதுல்ல, அங்க ஏறுனது லேன் ஒயர் வழியா நேரா மதர்போர்டுக்கு வந்துரும்.

இன்வெர்ட்டர் எல்லார் வீட்லயும் இருக்கு, அதுலயே பிசிய ஓட்டலாமான்னு கேப்பாங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா வேண்டாம், இப்ப வர்ற நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாத்துலயும் ஆக்டிவ் பிஎஃப்சின்னு கரண்ட சீரா இழுக்க வைக்கிற சர்க்யூட் இருக்கு, அதுக்கு சைன் வேவ்தான் ஒத்துக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர்லயும் பின்னாடி யுபிஎஸ் மோடு, நார்மல் மோடுன்னு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் மோடுல இருந்தாத்தான் மாறுற நேரம் கம்மி, நார்மல்ல வச்சா பிசி ரீஸ்டார்ட் ஆயிரும். பாக்ஸ்ல போட்டிருக்குற விஏங்கறது வாட் கெடையாது, 1000 விஏன்னா 600, 700, 800னு மாடலுக்கு மாடல் வாட் மாறும், வாட் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க. கரண்ட் போனா கேமை சேவ் பண்ணி ஒழுங்கா ஷட்டவுன் பண்ற அளவுக்கு அஞ்சு நிமிஷம் நின்னா போதும்.

சரி, இப்ப பார்ட்டுக்கு வருவோம். இதுலயும் கார்டுல ஆரம்பிக்காதீங்க, மானிட்டர்ல ஆரம்பிங்க. கார்டு என்ன வேலை செய்யணும்னு சொல்றதே மானிட்டர்தான். 1080பி ஸ்க்ரீன்ல ஒரு ஃப்ரேமுக்கு, அதான் ஒரு படத்துக்கு, சுமார் 20.7 லட்சம் புள்ளி வரையணும், 1440பி-ல 36.9 லட்சம், 4கே-ல 82.9 லட்சம். அப்போ 1440பி-ய விட 4கே ரெண்டேகால் மடங்கு வேலை. 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 ஃப்ரேம்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 6.9 மில்லிசெகண்ட் டயம், 240 ஹெர்ட்ஸ்னா 4.2 மில்லிசெகண்ட்தான். இத மனசுல வச்சுக்கிட்டு நீங்க என்ன கேம் ஆடுறீங்கன்னு பாருங்க. வேலரண்ட், சிஎஸ்2 மாதிரி சுடுற கேம்தான் முக்கியம்னா 27 இஞ்ச் 1440பி 240 ஹெர்ட்ஸ் அல்லது அதுக்கு மேல. சைபர்பங்க் மாதிரி கத கேம, வெளிச்சத்த நிஜம் மாதிரி காட்டுற ரே ட்ரேசிங் எல்லாம் போட்டு ஊர சுத்திப் பாக்கணும்னா 32 இஞ்ச் 4கே. ரெண்டும் வேணும்னா என் தேர்வு 27 இஞ்ச் 1440பி ஓஎல்இடி, அது கண்ணுக்கும் நெறைவா இருக்கும், கார்டுல நீங்க போடுற காசும் நாலு வருஷத்துக்கு நிக்கும்.

ஓஎல்இடில இருட்டுன்னா முழு இருட்டு, அந்தப் புள்ளி அணைஞ்சே போயிரும், ராத்திரி சீன்ல அந்த வித்தியாசம் தெரியும். ஆனா நாள் பூரா எக்செல்லும் டாஸ்க்பாரும் ஒரே எடத்துல நிக்க வேலை பாக்குறவங்க யோசிச்சுக்கிடுங்க, பர்ன்-இன், அதாவது ஒரே படம் நின்னு நின்னு அதோட தடம் ஸ்க்ரீன்ல பதிஞ்சு போறது, உண்மையான பிரச்சினை. வாங்கும்போது அந்த மாடலுக்கு பர்ன்-இன் வாரண்டில சேருமான்னு எழுத்துல பாத்துக்கிட்டு வாங்குங்க.

மானிட்டர் முடிவாச்சுன்னா கார்டு தன்னால முடிவாயிரும். 1440பி-க்கு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, ரெண்டுலயும் 16 ஜிபி மெமரி, ரெண்டும் 300 வாட் பக்கம். 5070ல 12 ஜிபிதான், ஹை-எண்டுன்னு காசு போட்டுக் கட்டுற மெஷினுக்கு 16 ஜிபிக்கு கீழ எறங்காதீங்கன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், மெமரி நெறஞ்சா ஃப்ரேம் கம்மியாவுறது மட்டும் இல்ல, திக்கித் திக்கி நிக்கும், டெக்ஸ்சர் எல்லாம் மங்கலா வந்து வந்து ஏறும். 4கே-க்கு 5080, அதுலயும் 16 ஜிபி, 360 வாட். காசு ஒரு தடையே இல்லேன்னா 5090, 32 ஜிபி, 575 வாட். 2025 ஜனவரில இந்தியாவுக்கு அறிவிச்ச ஆரம்ப விலை 5070 டிஐ 80 ஆயிரம், 5080 ஒரு லட்சத்து 7 ஆயிரம், 5090 ரெண்டு லட்சத்து 14 ஆயிரம். கடைல அந்த விலைக்குக் கெடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, ஆனா ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்னு புரிஞ்சுக்க அது உதவும். 5080ல இருந்து 5090 போக விலை டபுள், ஃப்ரேம் டபுள் ஆவாது. அந்த மிச்சத்துல ஓஎல்இடி மானிட்டரும் எர்த்தும் யுபிஎஸ்சும் வந்துரும், என் தம்பியா இருந்தா அதத்தான் செய்யச் சொல்லுவேன்.

ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டா நொடிக்கு 240 ஃப்ரேம் வருதுன்னு விளம்பரத்துல காட்டுவாங்க. அது கார்டு நடுவுல தானா வரைஞ்சு சேக்குற ஃப்ரேம், பாக்க வழவழன்னு இருக்கும், ஆனா நீங்க மவுஸ அசைக்கிறதுக்கு கேம் பதில் சொல்றது உண்மையான ஃப்ரேம்லதான். உண்மை ஃப்ரேம் 60 பக்கம் இருந்தா சுகமா இருக்கும், 30ல இருந்துக்கிட்டு நாலு மடங்காக்குனா கையில பாரமா இழுக்கும். அதனால ரிவ்யூ பாக்கும்போது ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாத நம்பரையும், சராசரிக்குப் பக்கத்துல போட்டிருக்குற 1% லோ நம்பரையும் பாருங்க, கேம் ரொம்ப மெதுவா ஓடுற நேரத்து ஃப்ரேம் அதுதான். சராசரி 140 காட்டிட்டு 1% லோ 50ல கெடந்தா அந்த கேம் வெட்டி வெட்டித்தான் ஓடும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். நிறைய பேரு கடைசில மிஞ்சுன காசுக்கு இத வாங்குவாங்க, எனக்கு வயிறு எரியும். ஒரு சொந்தக்காரப் பையன் மெஷின்ல கடைக்காரர் "இதுவும் 750 வாட்தான்"னு சொல்லிக் கொடுத்த எஸ்எம்பிஎஸ், கையில எடுத்தா எடையே இல்ல, எட்டு மாசத்துல ஒரு ராத்திரி பட்டுன்னு சத்தம், கருகுன வாடை, மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. அவன் காலேஜ் ப்ராஜெக்ட் மொத்தம் அதுல இருந்துச்சு, பேக்கப் இல்ல. அவன் மூஞ்சிய பாத்ததுல இருந்து நான் எஸ்எம்பிஎஸ்ல ஒரு ரூபா கொறைக்க விடுறதில்ல. 5070 டிஐக்கு 750ல இருந்து 850 வாட், 5080க்கு 850, 5090க்கு 1000 கொறஞ்சபட்சம், 1200 வாங்குனா நிம்மதி. ஏடிஎக்ஸ் 3.1 ஸ்டாண்டர்டு, 80 ப்ளஸ் கோல்ட், வாரண்டி பத்து வருஷம் குடுக்குறதா பாருங்க. கோல்ட் ஸ்டிக்கர் கரண்ட் மிச்சத்த மட்டுந்தான் சொல்லும், உள்ள இருக்குற தரத்த சொல்லாது, அதுக்கு பிரிச்சுப் பாத்து எழுதுன ரிவ்யூ படிங்க. வாட் ஏன் அதிகமா வைக்கச் சொல்றேன்னா, இந்தக் கார்டுங்க கண்ணு சிமிட்டுறதுக்குள்ள போட்டிருக்குற வாட்ட தாண்டி ஒரு துள்ளு துள்ளும், அதத் தாங்கலேன்னா கேம் நடுவுல பொசுக்குன்னு ஆஃப் ஆயிரும்.

கார்டுக்கு கரண்ட் போற கேபிள் பத்தி கவனமா கேட்டுக்கிடுங்க. 2022ல 4090 வந்தப்போ 12விஎச்பிடபிள்யூஆர்னு புது கனெக்டர், 600 வாட் அந்த ஒரு சின்ன சொருவல் வழியா போவும், சரியா உள்ள போவாம அரைகொறையா நின்னதுல பல எடத்துல உருகிப் போச்சு. இப்ப 12வி-2எக்ஸ்6னு திருத்தி வந்திருக்கு, அதுல சின்ன சென்ஸ் பின்ன உள்ள தள்ளி வச்சிருக்காங்க, முழுசா சொருவலேன்னா கார்டு கரண்ட் இழுக்காதபடி. அப்படியும் 5090ல உருகுனதா படங்கள் வந்துச்சு. அதனால எஸ்எம்பிஎஸ்லயே அந்தக் கேபிள் நேரடியா வர்றதா வாங்குங்க, மூணு நாலு பழைய கேபிள ஒண்ணாக்குற அடாப்டர் வேண்டாம், இன்னொரு எஸ்எம்பிஎஸ் கேபிள் வடிவம் ஒத்து வருதேன்னு மாத்தி சொருவுனா போர்டே போயிரும். சொருவும்போது கார்ட ஒரு கையால தாங்கிக்கிட்டு மறு கை கட்டவெரல் வச்சு நேரா அமுக்குங்க, போன் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, கார்டுக்கும் கனெக்டருக்கும் நடுவுல கோடு மாதிரி இடைவெளி தெரியக்கூடாது. சொருவுன எடத்துல இருந்து ஒரு மூணு நாலு சென்டிமீட்டர் ஒயர் நேரா வந்து அப்புறம் வளையணும். கண்ணாடிக் கதவு ஒயர அமுக்குற அளவுக்கு ஒல்லியான கேபினட்டா இருந்தா அந்தக் கேபினட்டே வேண்டாம்.

ப்ராசஸர்ல ரொம்ப யோசிக்க ஒண்ணுமில்ல. கேம் மட்டுந்தான்னா ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி, எட்டு கோர், 96 எம்பி எல்3 கேச், 2024 நவம்பர்ல வந்தது. கேம்ல ப்ராசஸர் அடிக்கடி தேடுற தகவல் ரேமுக்குப் போவாம பக்கத்துலயே கெடைக்கிறதாலதான் அதுக்கு அந்த வேகம். முன்னாடி வந்த 7800எக்ஸ்3டில அந்த கேச்ச கோருக்கு மேல அடுக்கியிருந்தாங்க, இதுல கீழ வச்சதால சூடு சுலபமா மேல ஏறி கூலருக்குப் போயிருது, நம்ம ஊரு சித்திரைக்கு அது பெரிய உபகாரம். 4கே-ல ஆடுறவங்க 7800எக்ஸ்3டி கொறஞ்ச விலைக்குக் கெடைச்சா தாராளமா வாங்கலாம், அங்க கார்டுதான் மூச்சு வாங்கும், ப்ராசஸர் சும்மா நிக்கும். வீடியோ எடிட்டிங்கும் பண்றவங்களுக்கு 16 கோர் 9950எக்ஸ்3டி. இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே வேலைக்கு நல்ல ப்ராசஸர்தான், கேம்ல இந்த எக்ஸ்3டிய எட்டல.

மதர்போர்டுக்கு அள்ளிக் கொட்டாதீங்க. ப்ராசஸருக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்குற விஆர்எம் நல்லா இருக்குற பி850 போர்டு 9800எக்ஸ்3டிக்கு போதும், எக்ஸ்870இ எல்லாம் யுஎஸ்பி4-ம் நிறைய எஸ்எஸ்டியும் வேணும்னாத்தான். மேனுவல்ல ஒரு பக்கம் மட்டும் கட்டாயம் படிங்க, எஸ்எஸ்டி சொருவுற எம்.2 ஸ்லாட்ல எதுல போட்டா கார்டு ஸ்லாட்டுக்கு டேட்டா போற பாதை 16 லேன்ல இருந்து 8க்கு எறங்கும்னு போட்டிருக்கும். பயாஸ்ங்கறது போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர், ப்ராசஸர் இல்லாமலே அத அப்டேட் பண்ற பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்குற போர்டா பாருங்க. மெஷின் ஓடுன மொத வேலையா பயாஸ் அப்டேட் பண்ணிருங்க, 2023ல இந்த ரைசன் ப்ராசஸர் உக்காருற ஏஎம்5 போர்டுகள்ல எஸ்ஓசின்னு ஒரு வோல்டேஜ் எகிறி சில எக்ஸ்3டி ப்ராசஸர் கருகுச்சு, அப்புறம்தான் பயாஸ் வழியா 1.3 வோல்ட்டுக்கு மேல போவாதபடி கட்டுனாங்க.

ரேம் டிடிஆர்5-6000 சிஎல்30, ரெண்டு குச்சி. நாலு குச்சி போட்டா இந்த போர்டுகள்ல வேகம் எறங்கிரும், அதனால 16 பிளஸ் 16 வாங்கிட்டு பின்னாடி இன்னும் ரெண்டு போட்டுக்கலாம்ங்கற கணக்கு சரி வராது. 2025 கடைசில ஏஐ சர்வருக்கு மெமரி எல்லாம் போய் ரேம் விலை எகிறிப் போச்சு, கேமுக்கு 32 ஜிபி போதும், அதோட நிறுத்திக்கிடுங்க. பயாஸ்ல எக்ஸ்போங்கற ரேம் வேக செட்டிங்க ஆன் பண்ணலேன்னா 6000 ரேம் 4800லயே ஓடிக்கிட்டு இருக்கும், ஒரு வருஷமா அப்படி ஓட்டுன பசங்கள பாத்திருக்கேன். மொத தடவ ஆன் பண்ணும்போது ஸ்க்ரீன் கருப்பா பல நிமிஷம் நிக்கும், ரேம பழகிக்கிட்டு இருக்கும், பதறிப் போய் ஆஃப் பண்ணிராதீங்க.

எஸ்எஸ்டி 2 டிபி, பிசிஐஇ ஜென்4, நொடிக்கு 7000 எம்பி பக்கம் படிக்கிறது. ஜென்5 அதுக்கு டபுள் வேகம், சூடும் அதிகம், கேம் லோடு ஆவுறதுல பெருசா ஒண்ணும் தெரியாது.

கூலரும் கேபினட்டும் ஊருக்கு ஏத்தது. கூலர் எவ்வளவு ஒசத்தியானாலும் ரூம் காத்த விட கூலா ஆக்க முடியாது, ரூம் 25 டிகிரில ப்ராசஸர் 70 காட்டுனா 38 டிகிரில 83 பக்கம் காட்டும். 9800எக்ஸ்3டிக்கு வரம்பு 95, அதனால நல்ல ரெட்டை டவர் ஏர் கூலரே தாராளம். 360 லிக்விட் கூலர் அழகுதான், ஆனா அதுல பம்ப் ஓடுது, உள்ள இருக்குற தண்ணி வருஷம் போவப் போவ ட்யூப் வழியா கொஞ்சம் கொஞ்சமா கொறையும், அஞ்சாறு வருஷத்துல மாத்த வேண்டி வரும். ஏர் கூலர்ல ஃபேன் போனா ஃபேன மட்டும் மாத்திக்கலாம், தென்காசி பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்து அன்னிக்கே மாட்டிரலாம். 800 வாட் மெஷின்னா ரூமுக்குள்ள 800 வாட் சூடு கொட்டுதுன்னு அர்த்தம், ஒரு டன் ஏசி எடுக்குற சூடே 3500 வாட் பக்கம்தான், அதுல கால்வாசி கிட்ட உங்க பிசிக்கே போயிரும். 5090 வாங்குனவங்க பவர் லிமிட்ட 80 சதவீதத்துக்கு எறக்கிப் பாருங்க, ஃப்ரேம் கொஞ்சந்தான் கொறையும், கார்டுல சூடு நூறு வாட்டுக்கு மேல கொறையும்.

கேபினட்டுக்கு முன்பக்கம் மெஷ், கழட்டிக் கழுவுற மாதிரி டஸ்ட் ஃபில்டர், உள்ள இழுக்குற ஃபேன் வெளிய தள்ளுறத விட ஒண்ணு கூட. முன்னாடி முழுக் கண்ணாடி வச்ச கேபினட் ஷோரூம்ல ஜொலிக்கும், வீட்ல வேகும். கார்டு நீளம் 30ல இருந்து 36 சென்டிமீட்டர் வரைக்கும் வருது, அளந்துட்டு வாங்குங்க, கீழ முட்டுக் குடுக்க ஒரு ஸ்டாண்டும் வைங்க. பின்னாடி கழட்டுன ஸ்லாட் தகட்ட தூக்கிப் போட்டுராதீங்க, திருப்பி மாட்டுங்க. அந்த சந்து வழியா பல்லி போவும், சூடு தேடிப் போய் எஸ்எம்பிஎஸ்க்குள்ள படுக்கும், குறுக்க விழுந்தா ரெண்டும் சேந்து போவும். பிரிச்சுப் பாத்தப்போ காஞ்சு ஒட்டிக் கெடந்தத நான் ரெண்டு தடவ எடுத்திருக்கேன்.

ஈரத்துக்குப் பயந்து கேபினட்ட பாலித்தீன் கவர் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும். ஓடுற மெஷின் சூட்டுலயே காஞ்சிரும், கெடக்குற மெஷின்தான் துரு ஏறும், அதனால சாரல் மாசத்துல கேம் ஆடலேன்னாலும் தெனம் ஒரு மணி நேரம் ஓட விடுங்க. ஏசி ரூம்ல ஜில்லுன்னு இருந்த மெஷின வெளிய ஹாலுக்குக் கொண்டு வந்த உடனே ஆன் பண்ணாதீங்க, கண்ணாடில பனி புடிக்கிற மாதிரி போர்டு மேல ஈரம் புடிக்கும், ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுப் போடுங்க. மிச்ச ஸ்க்ரூ, பழைய ரேம், கேபிள் எல்லாம் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

வாங்குறது எங்கன்னா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், எர்ணாகுளம் பென்டா மேனகா, ஆன்லைன் மூணும் நம்ம பசங்க போற எடந்தான். கேரளால வாங்குனா வரி கம்மின்னு ஒரு பேச்சு இங்க சுத்துது, கம்ப்யூட்டர் பார்ட்டுக்கு ஜிஎஸ்டி எங்க வாங்குனாலும் 18 சதவீதம்தான், மலை ஏறி எறங்குற பஸ் காசுதான் கூட. நீங்க பாக்க வேண்டியது பில்லுல சீரியல் நம்பர் எழுதியிருக்கா, இந்தியா வாரண்டி உண்டா, சர்வீஸ் சென்டர் எந்த ஊர்ல இருக்கு, அங்க கூரியர்ல அனுப்ப யாரு காசு. பில் இல்லாம கொறைச்சுத் தர்றேன்னு சொல்ற வெளிநாட்டு இறக்குமதி கார்டுக்கு இங்க வாரண்டி கெடைக்காம அலைஞ்சவங்க இருக்காங்க. ட்ரே ப்ராசஸர்னு டப்பா இல்லாம வர்றதும் அப்படித்தான், விலை கம்மியா இருக்கும், கம்பெனி வாரண்டி இருக்காது.

பார்சல் வந்தா டேப்ப கிழிக்கிறதுக்கு முன்னாடியே வீடியோ போட்டுருங்க, சீரியல் நம்பர் தெரியுற மாதிரி. கார்ட மாட்டி ஜிபியு-இசட்ங்கற சாஃப்ட்வேர ஓட்டி ஆர்ஓபி, அதாவது கார்டுக்குள்ள படத்த முடிச்சு எழுதுற யூனிட், எத்தனை இருக்குன்னு பாருங்க, 2025 பிப்ரவரில சில கார்டுங்க ஆர்ஓபி கொறஞ்சு வெளிய வந்துருச்சுன்னு என்விடியாவே ஒத்துக்கிட்டாங்க. 5090க்கு 176, 5080க்கு 112, 5070 டிஐக்கு 96 இருக்கணும், எட்டு கொறஞ்சா மாத்திக் கேளுங்க. மாத்திக் குடுக்குற நாள் முடியுறதுக்குள்ள ராத்திரி பகல்னு போட்டு வாட்டுங்க, மத்தியானச் சூட்டுல ரெண்டு மணி நேரம் கனமான கேம், ராத்திரி பூரா ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட். சாவுறதா இருந்தா கடைக்காரர் கையில இருக்கும்போதே சாவட்டும்.

ஒரு வாரம் ஆடுனதுக்கப்புறம் ஆஃப் பண்ணி, ப்ளக்க புடுங்கி, பக்கக் கதவ தொறந்து அந்த 12வி கனெக்டர டார்ச் அடிச்சு இன்னொரு தடவ பாருங்க, தளர்ந்திருந்தா அமுக்கி விடுங்க. அப்புறம் கதவ மூடி, ப்ளக்க மறுபடி சொருவி ஆன் பண்ணிட்டு, வெறுங்கால்ல நின்னு டெஸ்டர அந்த கேபினட் ஸ்க்ரூல வைங்க, லைட் எரியக்கூடாது. பண்பொழி வீட்ல எர்த் குழி போட்டு முடிச்ச அன்னிக்கு அந்தத் தம்பி அம்மாதான் மொதல்ல டெஸ்டர வாங்கி வச்சுப் பாத்தாங்க, லைட் எரியல.